கேட்காமல் எடுத்த கொழுந்து

எங்கள் கங்காணியம்மாவுக்குத் தராசு தேவையில்லை. தேயிலைக் கொழுந்துச் சாக்கின் வாயைக் கொத்தாகப் பிடித்து ஒரு சாண் உயரம் தூக்கிப் பார்ப்பார். "பதினாலரை" என்பார். நிறுவை மடுவத்துக்குக் கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளை ஐயா நிறுத்தாலும் பதினாலரைதான் காட்டும். ஒருநாள் கால் கிலோ வித்தியாசம் வந்தபோது தராசைத்தான் பழுது பார்த்தார்கள்.

அந்தக் கையை எனக்கு முதலில் மிகவும் பிடிக்கும். பிறகு அதைக் கண்டாலே வயிறு எரிந்தது. இப்போது எப்படி என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுதினாலாவது தெரியுமா என்று பார்க்கிறேன்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தோட்டம் எங்களுடையது. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் என் காலை வாரிவிட்டது. மறுபடி எழுதும்வரை சும்மா இருந்தால் லயத்து வரிசைவீடுகளில் ஆளுக்கொரு வாய் பேசும் என்று அம்மாவோடு மலைக்குப் போனேன். போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் விரல்கள் எவ்வளவு வேகம் என்று. மூன்றே மாதத்தில் எங்கள் செட்டில் இருந்த இருபது பேரிலும் அதிகமாகக் கொழுந்து எடுப்பவள் நான்தான். படிப்பில் கிடைக்காத முதலாமிடம் அங்கே கிடைத்தது. தலைக்கனம் வந்தது. அதை மறைக்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயர் 'பேர்'. எங்கள் மலையில் பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப் பேர். பதினேழே முக்கால் எடுத்தாலும் அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். பதினெட்டுக்கு மேலே எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் கொஞ்சம் தனிக்காசு உண்டு. அந்தத் தனிக்காசைத்தான் நான் நம்பியிருந்தேன். ஹட்டனில் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவேண்டும், பஸ் காசு வேண்டும், வகுப்புக் காசு வேண்டும். சம்பளம் வீட்டுக்குப் போய்விடும். தனிக்காசு என்னுடையது என்று அம்மாவிடம் பேசி முடித்திருந்தேன். என்னை அந்த மலையிலிருந்து இறக்கிவிடப் போகிற ஏணி அது.

அந்த ஏணியில்தான் கங்காணியம்மா தினமும் கை வைத்தார்.

மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கும் பாதை வளைகிற இடத்தில் ஒரு சவுக்கு மரத்து முடக்கு உண்டு. அந்தி நிறுவைக்குப் போகிற வழியில் அங்கே எல்லோரையும் நிறுத்துவார். "சாக்க எறக்குங்க, மூச்சு வாங்குங்க" என்பார். மூச்சு வாங்குவது ஒரு சாட்டு. ஒவ்வொரு சாக்காகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வருவார். கனத்த சாக்கிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி லேசான சாக்கில் போடுவார். எல்லாம் ஐந்து நிமிஷம். அதற்குப் பிறகு மடுவத்தில் எங்கள் செட்டில் யாருக்கும் அரைப் பேர் விழாது. பாக்கியம் அக்காவுக்கு விரலெல்லாம் வாதத்தில் மடங்கிப்போய் எட்டு மணியிலிருந்து அந்திவரை பன்னிரண்டு கிலோ தேறாது. அவருக்கும் பதினெட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து மணிக்கு மேல் ஓடி வருகிறவளுக்கும் பதினெட்டு. எனக்கு இருபத்தெட்டு இருந்தது இருபத்திரண்டாகியிருக்கும்.

மற்றவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோருக்கும் மாதத்தில் நாலு நாள் சாக்கு லேசாகும். எனக்கு ஆகாது.

அவருக்கு இது மலையோடு நின்றுவிடுகிற குணம் இல்லை. பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தால், அவரவர் கொண்டுவந்த ரொட்டியை அவரவர் சாப்பிட விடமாட்டார். எல்லாவற்றையும் ஒரு சீலைத் துண்டில் கொட்டிப் பிய்த்துக் குவிப்பார். என் அம்மா இடிக்கிற சம்பலுக்கு லயம் முழுக்க வாய் ஊறும். அது எங்கள் ரொட்டிக்கு வந்து சேர்வதற்குள் கிண்ணத்தில் காரம் மட்டும் ஒட்டியிருக்கும். வெறுங்கையோடு வருகிற ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் சமபங்கு. அவள் வெட்கப்பட்டு எழுந்து போனால் பின்னாலேயே போய் வாயில் வைத்துவிட்டு வருவார். வைக்கும்போது திட்டவும் செய்வார். கங்காணியம்மா அன்பாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கொடுக்கிறபோதுதான் குரல் இன்னும் உயரும்.

வேதக்கோயிலிலும் அதே கதை. எங்கள் சின்னக் கோயிலுக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அன்றைக்குக் கோயில் நிறைந்துவிடும். விடியக்காலையிலேயே வந்து முன்பெஞ்சில் இடம் பிடித்தவர்களை நெருக்கித் தள்ளி, பாதிப் பூசையில் வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைப்பார். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, கேக் வெட்டினால் சுற்றி நிற்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே அளவு. வருஷம் முழுக்க ஞானோபதேச வகுப்புக்கு வந்த பிள்ளை, கேக்குக்காக அன்றைக்கு மட்டும் வந்த பிள்ளை, மாரியம்மன் கோயில் லயத்துப் பிள்ளை எல்லாம் அவருக்கு ஒன்று. ஒரு நத்தாருக்கு என் தம்பி, வருஷம் முழுக்கப் பூசைக்கு உதவியவன், பெரிய துண்டு கேட்டு அழுதான். "வயிறு எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்டா" என்று சொல்லி அவன் தலையில் ஒரு குட்டும் வைத்தார்.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற ஆள் என்று அவரை நான் வீட்டில் திட்டினேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது கங்காணியம்மா கங்காணியில்லை, சாதாரணக் கொழுந்துக்காரிதான். அப்போது அம்மாவின் சாக்கை ஐந்து மாதம் நிரப்பியது அவர்தானாம். தன் சாக்கிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டுவிட்டுத் தான் பதினெட்டோடு போவாராம். அவருக்கும் அந்தக் காலத்தில் இருபத்தெட்டு முப்பது வருமாம்.

"அப்ப அவங்க சொந்தக் கொழுந்தக் குடுத்தாங்க. இப்ப என்னோடதக் குடுக்கிறாங்க" என்றேன்.

"ஒனக்கு அஞ்சாறு கிலோ சில்லறக் காசுடி. பாக்கியத்துக்கு அது அரை நாள்" என்றார் அம்மா.

கணக்குச் சரிதான். சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் கங்காணியம்மா வேதத்தில் வருகிற திராட்சைத் தோட்டத்துக் கதையைச் சொன்னார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர். கோயிலில் கேட்டதை மலைக்குத் தக்கபடி மாற்றிச் சொல்வார். அவருடைய கதையில் தோட்டத்துத் துரை விடியக்காலையிலேயே, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு வந்து ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கு வந்து இன்னும் கொஞ்சப் பேரை எடுக்கிறார். பகலுக்கும் எடுக்கிறார். மழை இருட்டிக்கொண்டு வருகிற ஐந்து மணிக்கும், கடைப்பக்கம் சும்மா நிற்கிறவர்களைக் கூப்பிட்டு மலைக்கு அனுப்புகிறார். அந்திக்கு எல்லோருக்கும் முழுப் பேர். காலையிலேயே வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். "பேசின சம்பளம் ஒனக்குக் கெடச்சுதுல்ல, நான் நல்லவனா இருந்தா ஒனக்கு ஏன் பொறுக்கல" என்று துரை கேட்கிறார். சொல்லி முடித்துவிட்டு, ஐந்து மணிக்கு ஆள் எடுத்த துரையைத் தானே பெருமையாக நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

நான் விடவில்லை. "அந்தத் தொரை தன்னோட காசக் குடுத்தாருங்க. காலையில வந்தவன் மடியில கைய விட்டு எடுத்து அந்திக்கு வந்தவனுக்குக் குடுக்கல."

கங்காணியம்மா என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அது நாயந்தான்" என்றார். எனக்கு வெற்றி. அன்று அந்திக்கு அதே முடக்கில், அதே கையால், என் சாக்கிலிருந்து ஐந்து கிலோ அள்ளினார்.

அப்படிப்பட்ட மனுஷியை என்ன செய்வது? வாதத்தில் ஜெயித்து என்ன பிரயோசனம்? ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று தனியாகவும் கேட்டுப் பார்த்தேன். ஏதாவது பெரிய காரணம் சொல்வார், அழுவார், நானும் மன்னித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. "காரணம் என்னா காரணம், சாக்கு லேசா இருந்துச்சு" என்றார்.

பிறகு அந்த மாதம் வந்தது. நல்ல பச்சை கொடுத்த மாதம். கொழுந்து பொங்கி நின்றது. பரீட்சைக்கு முந்திய கடைசி மீட்டல் வகுப்புக்கு மொத்தமாகக் காசு கட்டவேண்டும். கை வலிக்க எடுத்தேன். சம்பளத்தன்று கணக்குத் துண்டைப் பார்த்தால் என் கூடுதல் கிலோ நான் மனதில் வைத்திருந்ததில் பாதிகூட இல்லை. சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய் வகுப்பு வாசலில் நின்றேன். மிச்சத்தை அடுத்த கிழமை தருகிறேன் என்றேன். படிப்பிக்கிற சேர் கெட்டவரில்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றார். எனக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்றால் நியாயமா என்று கேட்டார். நியாயம்தான். பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை பெரட்டில் சின்னத் துரை நின்றார். புதிதாக வந்தவர். எங்கள் செட்டில் மாதக்கணக்காக ஒருவருக்கும் அரைப் பேர் விழாதது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. பதினெட்டு எடுக்காதவருக்குத் தோட்டம் ஏன் முழுச் சம்பளம் கொடுக்கவேண்டும்? அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் கேட்கவேண்டிய கேள்விதான். கொழுந்து சாக்கு மாறுகிறதா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

பாக்கியம் அக்கா முந்திக்கொண்டு, நாங்களே ஒருத்தருக்கொருத்தர் விரும்பிக் கொடுத்துக்கொள்கிறோம் என்றார். ஆமாம் ஆமாம் என்று வரிசையாகச் சொன்னார்கள். கனத்த சாக்குக்காரிகளும் சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னார். துரை கிளம்பப் பார்த்தார். அத்தோடு முடிந்திருக்கும்.

"என்னைய ஒருநாளும் கேட்டதில்லைங்க" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். துரை கங்காணியம்மாவைப் பார்த்து, இந்தப் பிள்ளையைக் கேட்டுத்தான் எடுத்தீர்களா என்றார். கேட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபது வாய்க்கு முன்னால் என் ஒரு வாய் நிற்காது. எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நானும்.

"இல்லீங்க ஐயா. அந்தப் புள்ள சொல்றது உண்மை. கேக்காமத்தான் எடுத்தேன்" என்றார் கங்காணியம்மா.

அன்றைக்கே அவருடைய கங்காணி வேலை போனது. மறுநாள் காலை அவரும் எங்களைப் போல இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு வந்து நின்றார். புதுக் கங்காணி ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுத்தபோது எனக்குப் பக்கத்து நிரை அவருக்கு விழுந்தது.

நான் சொன்னது பொய்யா? இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் என் பக்கம்தான் தலையாட்டியிருக்கிறார்கள். என்றாலும் ஏன் இன்னும் சொல்லிக்கொண்டே திரிகிறேன் என்பதுதான் கேள்வி.

அவர் கொழுந்தெடுத்து ஏழெட்டு வருஷமாகியிருந்தது. முப்பது கிலோ எடுத்த விரல்கள் அவை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கண்ணிலும் ஏதோ மங்கல் விழுந்திருந்தது. குனிந்து இலைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்த் தேடித் தேடிக் கிள்ளினார். முதல்நாள் பதினொன்று. அரைப் பேர். லயத்தில் என்னோடு யாரும் பேசவில்லை. அவர் மட்டும் பேசினார். அட்டை கடித்தால் சவர்க்காரம் போடச் சொன்னார், நிரை தப்பினால் கையைக் காட்டித் திருத்தினார். பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். அவருக்கு அந்த வித்தை தெரியாது என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஞாயிறு சாமியார் இல்லாத ஞாயிறு. செபக்கூட்டத்தில் வாசகம் வாசிக்க என்னைத்தான் நிறுத்துவார்கள், படித்தவள் என்று. புத்தகத்தைத் திறந்தால் அன்றைய நற்செய்தி அந்தத் திராட்சைத் தோட்டத்துக் கதை. நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்காட்டியில் அப்படி வந்தது. வெயிலிலும் பாரத்திலும் நாளெல்லாம் கிடந்தவர்கள் முறையிடுகிற இடம் வந்ததும் முன்பெஞ்சில் இருந்தவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். யாரோ பின்னால் இருமினார்கள். இருமல்தானா என்று இன்றுவரை தெரியாது. வேண்டுமென்றே சத்தமாக, ஒரு எழுத்தும் விழாமல் வாசித்து முடித்தேன்.

வெளியே வந்தபோது கங்காணியம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நல்லா வாசிச்ச என்றார். பிறகு, "அந்தக் காலையில வந்தவங்களும் பாவந்தான் தாயி. வெயில்ல நின்னவங்கதானே. அவங்களக் கிட்ட கூப்புட்டு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு அந்தத் தொரை சொல்லியிருக்கலாம்" என்றார்.

இவ்வளவு காலமும் அந்தக் கதையில் முணுமுணுத்தவர்களை யாரும் பாவம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எந்தச் சாமியாரும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்தா நான் அதைக் கேட்கவேண்டும்?

இனி வரப்போவதுதான் எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

அடுத்த கிழமை காற்றும் மழையும். திங்கள் அந்திக்குச் சவுக்கு மரத்து முடக்கில் நான் சாக்கை இறக்கிப் படங்கை உதறிக்கொண்டிருந்தேன். கங்காணியம்மா நேரே என்னிடம் வந்தார். தன் சாக்கை எனக்கு முன்னால் வைத்தார்.

"ஸ்டெல்லா, எனக்கு மூணு கிலோ கொறையுது. ஒன்னோடதுல இருந்து குடுக்கிறியா?" என்று கேட்டார்.

கேட்டார். இதைத்தானே நான் துரைக்கு முன்னால் வேண்டும் என்று சொன்னேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். வெட்கமில்லாமல், தலையைக் குனியாமல், கடையில் உப்புக் கேட்கிறதுபோல எல்லோருக்கும் முன்னால் கேட்டார். என் சாக்கில் இருபத்தாறு இருந்தது.

"இன்னைக்கு முடியாதுங்க" என்றேன்.

"சரி தாயி" என்று சாக்கைத் தூக்கிக்கொண்டார். பாக்கியம் அக்கா தன்னுடைய சாக்கை அவிழ்க்கப் போனார். அவருக்கே அன்றைக்கு மழையில் யார் யாரோ கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுத்தான் பதினெட்டு ஒப்பேறியிருந்தது. கங்காணியம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒனக்கும் போயிரும் என்று சொல்லி அரைப் பேருக்கு நடந்தார்.

செவ்வாய்க்கிழமையும் கேட்டார். புதனும் கேட்டார். நேற்று இல்லை என்று சொன்னது நினைவே இல்லாத மாதிரி, அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டார். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு சாட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை சாட்டு ஒன்றும் கிடைக்காமல் வெறுமனே இல்லை என்று தலையாட்டினேன். எரிச்சல், பிடிவாதம், வெட்கம் எல்லாம் ஒன்றாகிவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. தோற்கக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. யாரிடம் தோற்கக்கூடாது என்று கேட்டால் அதுவும் தெரியாது.

சனிக்கிழமை கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மலைக்குப் போனேன். முடக்கில் சாக்கின் வாயைக் கட்டாமல் நின்றேன். அன்றைக்கு அவர் என்னைக் கேட்கவில்லை. என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனார். அவருடைய சாக்கு லேசாகத்தான் இருந்தது. கேட்காமலே நான் கொடுத்திருக்கலாம். நாலு எட்டு வைத்தால் போதும். கேட்கட்டும் என்று நின்றேன். நிறுவை மணி அடித்துவிட்டது.

அதற்கு அடுத்த கிழமையிலிருந்து நான் மலைக்குப் போகவில்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, வகுப்புக்குப் போனேன், பரீட்சை பாஸ் ஆனது. டயகமப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. தம்பி தலையெடுத்து அம்மாவை ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். தோட்டத்துப் பாதையில் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. கங்காணியம்மாவைப் பற்றி அம்மா அவ்வப்போது ஏதாவது சொல்வார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன தவக்காலத்தில் கண்ணாடி மாற்றுவதற்காக டவுன் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். முதல் பஸ்ஸுக்கே போய் நின்றதில் பதினோராம் இலக்கம் கிடைத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் டொக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டேன். அவருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு, ஸ்டெல்லாவா?"

கங்காணியம்மாதான். ஒரு கண்ணில் பால் படர்ந்திருந்தது. மற்றக் கண்ணும் என்னைப் பார்க்கவில்லை, குரல் வந்த பக்கத்தைத்தான் பார்த்தது. மெலிந்துபோயிருந்தார். கூட மருமகள் இருந்தாள், மகன் கல்யாணம் கட்டிக் கூட்டிவந்த பெண், அக்கரப்பத்தனைக்காரி. நான் தோட்டத்தை விட்ட பிறகு வந்தவள். அவர்களுடைய இலக்கம் ஐம்பத்துமூன்று.

எனக்கு ஒரு வேகம் வந்தது. என் இலக்கத் துண்டை அவர் கையில் திணித்து, நீங்க முதல்ல போங்க, நான் இருந்து போறேன் என்று சொல்லி ஐம்பத்துமூன்றை வாங்கிக்கொண்டேன். நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்துக்கு இதாவது ஆகட்டும். மூச்சு விட்டு முடிக்கவில்லை, கங்காணியம்மா எதிர்ப் பெஞ்சில் அழுகிற குழந்தையின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். அது யாரு புள்ள, என்னா நம்பர் என்று விசாரித்தார். ஒரு சிங்களப் பெண், கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிய குழந்தையோடு இருந்தாள். அவளுடைய இலக்கம் அறுபத்தெட்டு. மருமகள் வேண்டாம் என்பதற்குள் என் பதினொன்று அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது. சிங்களத்தில் இரண்டு வார்த்தை திட்டியும் கொடுத்தார், குழந்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு பிந்தி வருவதா என்று.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவருக்காகக் கொடுத்தது அவரிடம் தங்கவில்லை. ஒரு நாளும் இந்த மனுஷியிடம் எதையும் தீர்க்க முடியாது.

மருமகள் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். "நீங்கதானா அந்த ஸ்டெல்லா டீச்சர்? அத்தை ஒங்களப் பத்தி எந்நேரமும் சொல்லுவாங்க. வேலை போயி, கண்ணும் மங்கி, பேர் விழாம இருந்த காலத்துல தெனமும் கேக்கக் கேக்க ஒங்க சாக்குல இருந்து அள்ளிப் போட்டீங்களாமே. அந்த மாதிரி ஒரு புள்ளைய அந்த மலையில பாத்ததில்லைன்னு சொல்லுவாங்க" என்றாள்.

கண்ணோடு நினைவும் மங்கிவிட்டதா என்று கங்காணியம்மாவைப் பார்த்தேன். டொக்டர் பெயர், மாத்திரை பெயர், என் அம்மாவின் சம்பல் எல்லாம் அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. சற்று முன்னால்தான் பேசினோம்.

"இல்லைங்க" என்றேன் மருமகளிடம். "அது அப்படி இல்ல. இவங்க கேட்டாங்க. ஒரு கெழமையாக் கேட்டாங்க. நான் ஒருநாளும் குடுக்கல. இவங்க வேலை போனதும் என்னாலதான்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். இத்தனை வருஷத்தில் அதை அப்படியே ஒருவரிடம் நான் சொன்னது அதுதான் முதல்தடவை.

கங்காணியம்மா பால் படர்ந்த கண்ணை என் பக்கம் திருப்பினார். மருமகளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா, நான் சொல்லல? செஞ்சத சொல்லிக்கவே மாட்டா" என்றார்.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் வலது கையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொழுந்து பறித்துக் கறுத்து வெடித்த விரல்கள் அவளுடையவை. இன்னொரு தடவை இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கங்காணியம்மா ஒன்றும் தெரியாதவரைப் போல இலக்கம் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.